வீட்டு ஒயரிங்கை நீங்களே செய்வதானால்: அனுமதி வாங்குவதும் ஆய்வில் தேறுவதும்

ஒயரில் கை வைப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் பகுதிச் சட்டப்படி வீட்டுக்காரரே ஒயரிங் செய்யலாமா? சில நாடுகளில் சொந்த வீடென்றால் செய்யலாம், ஆய்வு மட்டும் கட்டாயம். சில நாடுகளில் உரிமம் பெற்றவர் மேற்பார்வையிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். அனுமதி தரும் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பழுதான சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே வகையை மாட்டுவதற்குப் பொதுவாக அனுமதி கேட்கமாட்டார்கள். புது சர்க்யூட் இழுப்பது, டி.பி. பெட்டியை (மின்சாரத்தை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) மாற்றுவது, லோடு கூட்டுவது என்றால் பெரும்பாலும் அனுமதி வேண்டும்.

விண்ணப்பத்துக்கு ஒரு வரைபடமும் சர்க்யூட் பட்டியலும் தேவைப்படும். பட்டியலில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் வாட்ஸ், ஒயர் அளவு, எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) அளவு மூன்றையும் எழுதுங்கள். 3000 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி., 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் என்பது சரியான பொருத்தம். சுவருக்குள் பைப்பில் தனியாகப் போகும் அந்த பி.வி.சி. ஒயர் சுமார் 24 ஆம்பியர் தாங்கும். ஒரே பைப்பில் பல சர்க்யூட்களைத் திணித்தால் அந்தத் திறன் குறையும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதே என்று 32 ஆம்பியருக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. அது மிக ஆபத்தான வேலை: எம்.சி.பி. விழுவதற்கு முன்பே ஒயர் சூடாகி இன்சுலேஷன் உருகத் தொடங்கிவிடும்.

முதல் ஆய்வு சுவர் பூசுவதற்கு முன் நடக்க வேண்டும். பூசிவிட்டால் ஆய்வாளர் உடைக்கச் சொல்லலாம், அப்படிச் சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு. அவர் வரும்போது பைப்பும் பெட்டிகளும் பொருத்தி, ஒயர் இழுத்து, எர்த் ஒயர்களை இணைத்து முடித்திருக்க வேண்டும். சுவிட்ச், பிளக் எதையும் மாட்ட வேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் 15 செ.மீ. ஒயர் வெளியே நிற்கட்டும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நான்கு 90 டிகிரி வளைவுக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் இழுத்தால் ஒயரின் தோல் உரியும், அது வெளியே தெரியாது. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஆணி அடிக்கும்போது கை கொடுக்கும்.

இறுதி ஆய்வுக்கு ஆளைக் கூப்பிடுவதற்கு முன், மெயினை நிறுத்தி, சப்ளை இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு நீங்களே சோதியுங்கள். எர்த் ஒயர் எல்லாப் பிளக்குக்கும் தொடர்ச்சியாகப் போகிறதா பாருங்கள். சுவிட்ச் ஃபேஸைத்தான் (மின்சாரம் வரும் ஒயர்) துண்டிக்கிறதா, நியூட்ரலை (மின்சாரம் திரும்பும் ஒயர்) அல்ல என்று பாருங்கள். நியூட்ரலைத் துண்டித்தால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பிறகு மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து 500 வோல்ட் டி.சி.யில் இன்சுலேஷனை அளவிடுங்கள். ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றிலும் குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். எல்.இ.டி., டிம்மர், சர்ஜ் பாதுகாப்புக் கருவி எல்லாவற்றையும் அதற்கு முன் கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் ரீடிங்கும் தப்பாக வரும், கருவியும் கெடும்.

புது ஒயரிங்கில் அதிகம் படுத்துவது, மின்கசிவைக் கண்டால் சப்ளையைத் துண்டிக்கும் கருவியான ஆர்.சி.சி.பி.தான். 30 மில்லிஆம்பியர் கசிவில் 300 மில்லிசெகண்டுக்குள் அது விழ வேண்டும். ஆனால் கசிவே இல்லாமல், லோடு போட்டதும் விழுகிறதென்றால் முதலில் நியூட்ரலைச் சந்தேகியுங்கள். ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் வரும் நியூட்ரலை வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரல் பாரில் (நியூட்ரல் ஒயர்களை இணைக்கும் உலோகப் பட்டை) கட்டியிருந்தால், போன மின்சாரம் அதே வழியில் திரும்பாது. கருவி அதைக் கசிவென்று எடுத்துக்கொள்ளும். பெட்டியில் ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் தனி நியூட்ரல் பார் வைத்தால் இந்தத் தொல்லை வராது. டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அது காட்டாது, அதைத் தனியாக அளந்துதான் அறிய முடியும்.

டி.பி.யில் ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் பெயர் ஒட்டுங்கள்: ‘அறை 2’ என்று போடாமல் ‘சமையலறை பிளக், 16 ஆம்பியர்’ என்று எழுதுங்கள். ஆய்வாளர் குறை சொன்னால் எந்த விதிப்படி என்று கேட்டு எழுதி வாங்கி, அதை மட்டும் சரிசெய்து மறு ஆய்வுக்கு மனுப்போடுங்கள். அனுமதிக்குக் காலாவதித் தேதி இருந்தால் அதற்குள் இதெல்லாம் முடிய வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் வரைபடத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும்போதும் காப்பீடு கோரும்போதும் கேட்பார்கள்.