ராட்டோல்ட் பாணி முதலெழுத்து: லினோவில் செதுக்கி அச்சடிப்பது எப்படி?

யூக்ளிடின் வடிவியல் நூலை 1482-இல் வெனிஸில் அச்சிட்டவர் எர்ஹார்ட் ராட்டோல்ட். அதன் முதல் பக்கத்தில், கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கொடிகள் பின்னிக் கிடக்க, ஒரு பெரிய ‘பி’ (P) நிற்கும். பக்கத்தின் தொடக்கத்தில் இப்படி அலங்காரமாக நிற்கும் பெரிய எழுத்துதான் முதலெழுத்து, எனக்கு அந்தக் காலத்து முதலெழுத்துகளிலேயே மிகவும் பிடித்தது அதுதான். அன்று பல அச்சகங்கள் முதலெழுத்து வரும் இடத்தைக் காலியாக விட்டு, எந்த எழுத்து என்று சின்னதாக ஒரு குறி மட்டும் போட்டுவைக்கும், ஓவியர் பிறகு கையால் வரைவார். ஆனால் அதையே மரக்கட்டையில் செதுக்கிக்கொண்டால் ஈய எழுத்துகளோடு சேர்த்து இறுக்கி ஒரே அழுத்தில் அச்சடித்துவிடலாம்.

சரி, வேலைக்கு வருவோம். 6 செ.மீ. சதுர லினோத் துண்டு (செதுக்கி அச்சடிக்க உதவும் லினோலியம் தகடு) போதும்.

1. பட்டர் பேப்பரில் மென்மையான பென்சிலால் எழுத்தையும் கொடியையும் நேராகவே வரையுங்கள்.

2. தாளை லினோமேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் இடவலம் மாறி இறங்கும். அப்படித்தான் இருக்க வேண்டும், அச்சில் நேராகிவிடும்.

3. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். எழுத்தைச் சுற்றி வெட்டத்தான் கை போகும், ஆனால் இந்தப் பாணியில் எழுத்தும் கொடியும்தான் வெள்ளை, அதனால் அவற்றைத்தான் வெட்டி எடுக்க வேண்டும். உளியைத் தொடும் முன் கறுப்பாக நிற்க வேண்டிய இடம் முழுவதையும் மார்க்கரால் நிரப்பிவிடுங்கள், நிரப்பாத இடத்தை மட்டும் வெட்டுங்கள். ஒரு கொடி இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில், அடிக்கொடியின் வெட்டை மேல்கொடியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள், இடையில் நிற்கும் மெல்லிய கறுப்புக் கோடுதான் எது மேல், எது கீழ் என்று காட்டும். அந்தச் சந்திப்பில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தள்ளி வெட்டினால் உளி வழுக்கினாலும் கோடு தப்பும்.

உளி செட் வாங்காதீர்கள், நல்ல ‘வி’ (V) வடிவ உளி ஒன்று, சின்ன ‘யு’ (U) வடிவ உளி ஒன்று போதும். லினோவைப் பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். லினோ கெட்டியாக இருந்தால் சிறிது நேரம் வெயிலில் வையுங்கள்.

4. மையை ரோலரால் மெல்லியதாக உருட்டி, தாளை வைத்துக் கரண்டியால் தேய்த்து எடுங்கள். எண்ணெய் மைதான் என் பரிந்துரை, நீர் மை நம் ஊர் வெக்கையில் தேய்த்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

பின்சேர்க்கை: கறுப்புத் தளம் திட்டுத்திட்டாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மையைக் கூட்டாதீர்கள், மெல்லிய வெட்டெல்லாம் அடைத்துக்கொள்ளும். தாளை லேசாக நனைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, ஈரம் சமமாகப் பரவியதும் அச்சடியுங்கள். 15-ஆம் நூற்றாண்டு அச்சகங்களிலும் தாளை ஈரப்படுத்தித்தான் அச்சடித்தார்கள்.