பழைய வாட்ச் டயல்: கம்பெனி அச்சா, பிறகு அடித்த பெயின்ட்டா?

மூர் மார்க்கெட்டிலோ பர்மா பஜாரிலோ ஒரு பழைய வாட்சைக் கையில் எடுத்துப் பாருங்கள், "கம்பெனி டயலுப்பா, கையே வெக்கல" என்று கடைக்காரர் உடனே ஆரம்பித்துவிடுவார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை, பல நேரம் அவருக்கே தெரியாது. ராயபுரம், காசிமேடு பக்கத்து உப்புக்காற்றில் வருஷக்கணக்காகக் கையில் கிடந்த வாட்சுக்குள் ஈரம் இறங்காமல் இருக்குமா? டயலில் கறுப்புப் புள்ளி விழும், மேல்பூச்சு உரியும், அப்போது பழசைச் சுரண்டிவிட்டுப் புதுசாகப் பெயின்ட் அடித்துத் தருவது ஒரு சாதாரண சர்வீஸ், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அப்படி அடித்த டயலை ஒரிஜினல் விலைக்கு நம் தலையில் கட்டுவதுதான் ஏமாற்று.

அதனால் டயல் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கேஸ் முழுக்கக் கீறல், சாவி தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது, கண்ணாடி மங்கிவிட்டது, டயல் மட்டும் நேற்று வாங்கியது போல இருக்கிறது என்றால் அங்கேயே ஒரு கேள்வி விழுந்தாகிவிட்டது.

கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும், வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அதுதான். போன் டார்ச் போதும். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு இருந்தால் இன்னும் நல்லது.

எல்லாரும் முதலில் கம்பெனி பெயரைப் பார்ப்பார்கள். நான் ஆறு மணிக்குக் கீழே, டயலின் விளிம்போடு ஒட்டிய பொடி எழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் பெயின்ட் அடிப்பவர் பெயருக்குக் காட்டும் அக்கறையை அங்கே காட்டுவதில்லை. சுவிஸ் வாட்சில் பெரும்பாலும் 'சுவிஸ்' அல்லது 'சுவிஸ் மேட்' என்ற வரி அங்கே இருக்கும், சில மாடல்களில் பாதி எழுத்து கேஸின் உதட்டுக்குள் மறைந்தே இருக்கும். ரீபெயின்ட்டில் அந்த வரியே காணாமல் போயிருக்கும், இல்லையென்றால் நன்றாகத் தெரியட்டும் என்று மேலே ஏற்றி, தடியாக அடித்திருப்பார்கள். ஜப்பான் கம்பெனியான சீகோவின் வாட்சில் இது இன்னும் சுலபம். பின்மூடியில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு எண்கள் இருக்கும், முதல் நான்கு இலக்கம் மெஷின் நம்பர். டயலின் அடியில் 'ஜப்பான்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடும் எண்ணும் அதே மெஷின் நம்பரில்தான் தொடங்க வேண்டும். பின்னால் 7009 என்று இருந்து முன்னால் 6119 என்று இருந்தால் டயல் வேறு வாட்சிலிருந்து வந்தது. அந்த எண்ணே இல்லை, அல்லது லென்ஸில் பார்த்தால் எறும்பு ஊர்ந்தது போலத்தான் தெரிகிறது என்றால் அது பெயின்ட்.

அப்புறம் மெயின் எழுத்து. கம்பெனியில் மை ஒத்தி எடுத்து அச்சடிப்பார்கள், லென்ஸில் பார்த்தால் எழுத்து டயலின் மேல் லேசாகப் புடைத்து நிற்கும், ஓரம் கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக இருக்கும். பிறகு அடித்ததில் மை ஓரத்தில் கசிந்திருக்கும், ஒரே சொல்லில் வரும் இரண்டு 'ஏ' இரண்டு தடிமனில் இருக்கும். அடுத்து, பெயர் பன்னிரண்டு மணிக் கோட்டுக்கு நேராக நடுவில் இருக்கிறதா பாருங்கள். பிறகு நிமிடப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போங்கள், அவசரம் வேண்டாம். மணியைக் காட்ட டயலில் பதித்திருக்கும் கட்டைகள் நிற்கும் இடத்துக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் ஒத்துப்போகாமல் நாலு மணிப் பக்கம் கொஞ்சம் இடது, ஏழு மணிப் பக்கம் கொஞ்சம் வலது என்று விலகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

கட்டை என்றதும் இன்னொன்று. மணிக் கட்டைகளைக் கழற்றாமல் அப்படியே மேலே பெயின்ட் ஓட்டியிருந்தால், வெள்ளையடித்த சுவரில் ஸ்விட்ச் போர்டைச் சுற்றிச் சுண்ணாம்பு திரண்டு நிற்குமே, அப்படித்தான் கட்டையின் அடியில் பெயின்ட் திரண்டிருக்கும். தேதி ஜன்னலின் சரிவிலும் இதே கதைதான். சிறிய நொடி வட்டம் உள்ள டயலில் உள்ளே பெரும்பாலும் மெல்லிய வளையக் கோடுகள் இருக்கும், சுரண்டும்போது முதலில் போவது அதுதான்.

இரவில் ஒளிரும் பூச்சுக்கு ஊதா விளக்கை எடுங்கள். ஆறு மணியின் இரண்டு பக்கமும் 'T' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது டிரிட்டியம் என்ற கதிர்வீச்சுப் பொருள், 1960களிலிருந்து 1990களின் கடைசி வரை பயன்பட்டது. சுமார் 12 வருஷத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும், அதனால் இன்றைக்கு அது தானாக ஒளிராது, விளக்கு காட்டி அணைத்தாலும் சீக்கிரம் மங்கிவிடும். அணைத்த பிறகும் பச்சையாக ஜொலித்துக்கொண்டே இருந்தால் பூச்சு புதுசு. முள்ளில் வெளிர் பச்சை, டயலில் காப்பிப் பழுப்பு என்றால் இரண்டில் ஒன்று மாறியிருக்கிறது. அதற்கும் முந்தைய வாட்சுகளில் ரேடியம் இருக்கலாம். அது ஒளிராமல் போனாலும் கதிர்வீச்சு போகவில்லை, அதனால் நகத்தால் சுரண்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

சில டயல்கள் லென்ஸ் எடுக்கும் முன்பே காட்டிக்கொடுத்துவிடும். பளீர் ஆரஞ்சு, கிளிப்பச்சை, நடுவில் ராணுவம், ரயில்வே என்று ஏதோ ஒரு சின்னம், இதெல்லாம் பெரும்பாலும் நம் நாட்டுப் பட்டறைக் கற்பனை. எச்எம்டி ஜனதா சாவி கொடுக்கிற 17 ஜுவல் வாட்ச், அதன் டயலில் 'ஆட்டோமேட்டிக்', அதாவது கை அசைவில் தானே சாவி ஏறுவது, என்று இருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடலாம். டயல் சொல்வதும் மெஷின் செய்வதும் ஒன்றுதானா என்று எப்போதும் கேளுங்கள்.

போனில் தேடி ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபேவர் லூபா என்ற சுவிஸ் கம்பெனி வாட்சைத் தேடினால் விற்பனைக்கு வரும் படங்களில் ஏகப்பட்டது ரீபெயின்ட்தான், தப்பையும் தப்பையும் வைத்து ஒப்பிட்டால் இரண்டும் சரியாகத்தான் தெரியும். பழைய விளம்பரம், கம்பெனி கேட்லாக், பெரிய ஏல நிறுவனங்களின் படம் இவற்றோடு, அதே மாடல் நம்பருக்கு ஒப்பிடுங்கள்.

விலை பெரிதாக இருந்தால் டயலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் உங்களுக்குத் தெரிந்த ரிப்பேர்காரர் மேஜையில். பின்பக்கம் ஆணியால் கீறிய எழுத்து, எண், டயலை மெஷினோடு பிடித்து வைக்கும் கால் உடைந்ததால் ஒட்டிய டபுள் சைடு டேப், ஓரத்தில் அறுத்த சின்னப் பள்ளம் இதெல்லாம் யாரோ வேலை பார்த்த தடயம். பள்ளம் மட்டும் இருந்தால் முடிவு கட்டாதீர்கள், சில கம்பெனி டயலிலும் அது உண்டு. கழற்ற மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அது அவர் உரிமை, நீங்கள் ரீபெயின்ட் விலையைச் சொல்லிவிட்டு நில்லுங்கள். தினமும் கட்டிக்கொள்ளத்தான் வாங்குகிறீர்கள், மெஷின் நன்றாக ஓடுகிறது, பார்க்கவும் பிடித்திருக்கிறது என்றால் அந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம்.