பெல்ட் வண்டி மதியத்தில் இழுக்கவில்லையா? ஆயில் கூலரைப் பாருங்கள்

காலையில் சேற்றிலும் நன்றாக ஓடும் நெல் அறுவடை வண்டி, வெயில் ஏறியதும் வரப்பு ஏற முக்குகிறதா? பெல்ட் வண்டியை (டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் வண்டி) நகர்த்துவது, பம்பு அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் ஆயில். அது சூடேறி நீர்த்துவிட்டால் பம்புக்குள்ளேயே கசியும், இழுவை குறையும். எங்கள் வண்டிக்குப் பம்பையே மாற்றச் சொன்னார்கள். கடைசியில் அந்த ஆயிலை ஆறவைக்கும் கூலரைச் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கட்டரைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். பக்கக் கதவைத் திறந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் கூலர் தெரியும். வெளிப்பக்கம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். தூசியும் நெல் சுனையும் அடைவது கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள், வெளிச்சம் எங்கே வரவில்லையோ அங்கேதான் அடைப்பு. தாங்கியின் போல்ட்டைக் கழற்றிக் கூலரைச் சற்றுச் சாய்த்து, மின்விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடியுங்கள். எதிர்த்திசையில் அடித்தால் தூசி இன்னும் உள்ளே இறுகும். வாட்டர் சர்வீஸ் பம்பை நான் கிட்டவே சேர்ப்பதில்லை, அதன் வேகத்தில் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். வயலுக்குப் பெட்ரோல் புளோயர் போதும். ஆயில் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும்.

கூலரையே கழற்ற வேண்டுமானால் ஆயில் டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து உள்ளே உள்ள காற்றை வெளியே விடுங்கள், கீழே சட்டி வையுங்கள். அடுத்ததுதான் முக்கியம்: ஒரு ஸ்பேனரால் ஹோஸ் நட்டைத் திருகும்போது, இன்னொன்றால் கூலரின் வாய்ப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால் வெல்டு விரிசல் விடும், புதுக் கூலர் வாங்க வேண்டியதுதான். பைப் ரிஞ்ச் எடுக்காதீர்கள், நட்டின் மூலையை மழுக்கிவிடும். கழற்றிய வாய்களை உடனே சுத்தமான பிளாஸ்டிக்கால் கட்டுங்கள். மாட்டும்போது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிதாகவே போடுங்கள், சில ரூபாயில் முடிகிற விஷயம்.

அப்புறம் கையேட்டில் சொன்ன ஆயிலையே நிரப்பி, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, அணைத்து, அளவை மறுபடி பாருங்கள். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவவே கூடாது! ஊசிமுனை அளவு பீய்ச்சல்கூடத் தோலுக்குள் புகுந்துவிடும். அட்டைத் துண்டு பிடித்துப் பாருங்கள்.

சேர்த்தது: சுத்தம் செய்தும் சூடு குறையவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு ஓரத்து ரப்பர் கிழிந்திருந்தாலும் கதவில் உள்ள தூசிச் சல்லடையைச் சுற்றிக்கொண்டு தூசி நேராக உள்ளே போகும். ரப்பரை மாற்றாமல் கூலரை மட்டும் கழுவினால் அடுத்த வயலிலேயே மறுபடி அடைக்கும்.