டிராஃப்ட்டுக்கு முன் கல்லூரி வீரர்களை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

என்எஃப்எல் என்கிற அமெரிக்கக் கால்பந்து லீகின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அது நடக்கும் ஏப்ரல் நெருங்கினால் என்எஃப்எல் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது, யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று. அது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் மூன்று நிமிட ஹைலைட் வீடியோவை வைத்துப் போட்டதாக இருக்கிறது. ஹைலைட்டில் தோற்பவர் யாரும் இல்லை. பந்து தன் பக்கம் வராதபோது ஒரு ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) முழு வேகத்தில் ஓடுகிறாரா, சக வீரருக்காகத் தடுக்கிறாரா, ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் களைத்துப் போகிறாரா என்பதெல்லாம் முழு ஆட்டத்தில்தான் தெரியும். மூன்று நான்கு ஆட்டங்களாவது பாருங்கள், அதில் ஒன்று பலமான அணியிடம் அடிவாங்கிய ஆட்டமாக இருக்கட்டும்.

அடுத்தது 40 கஜ ஓட்டம். டிராஃப்ட்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்கிற உடல்திறன் சோதனையில், பாதுகாப்புக் கவசம் இல்லாமல், எதிரில் யாரும் இல்லாமல், நேர்கோட்டில் ஓடுவதுதான் அது. 2017இல் ஜான் ராஸ் என்ற ரிசீவர் 4.22 விநாடியில் ஓடி அப்போதைய சாதனையை முறியடித்தார், சின்சினாட்டி அணி அவரை 9வது இடத்தில் எடுத்தது, காயங்களும் சேர்ந்துகொள்ள ஒரு சீசனில்கூட அவர் பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம் 600 கஜத்தைத் தொடவில்லை. அதே டிராஃப்ட்டில் 4.62 விநாடி எடுத்த இன்னொரு ரிசீவர் கூப்பர் கப் மூன்றாவது சுற்று வரை, 69வது இடம் வரை, காத்திருந்தார். 2021 சீசனில் கேட்ச், கஜம், டச்டவுன் மூன்றிலும் லீகிலேயே முதலிடம் அவருக்குத்தான், கூடவே இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் சிறந்த வீரர் விருதும். அதற்காக வேகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஓடிய நேரமும் ஆட்டத்தில் கண்ட வேகமும் ஒத்துவரவில்லை என்றால் திரும்பப் போய் ஆட்டத்தைப் பாருங்கள், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற தவறு வேறு. கல்லூரிப் பயிற்சியாளர் கொடுத்த வேலையை அந்த வீரரின் எல்லை என்று நினைத்துக்கொள்வது. 2019இல் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணி ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனைப் பெரும்பாலும் ஸ்லாட்டில், அதாவது உள்பக்கத்தில் நிறுத்தியது, உடனே மைதானத்தின் ஓரமான வெளிப்பக்கம் தாங்குவாரா என்ற சந்தேகம் கிளம்பிவிட்டது. முந்தைய வருடம் அவர் வெளிப்பக்கம்தான் ஆடினார்! 2020 டிராஃப்ட்டில் நான்கு ரிசீவர்கள் போன பிறகு 22வதாக மினசோட்டா அணி அவரை எடுத்தது, முதல் சீசனிலேயே 1,400 கஜம்.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். முன்னால் நின்று அவரைக் காக்கும் தடுப்பாளர் வரிசை நான்கு விநாடி கொடுத்தால் நிறைய பேர் நன்றாக எறிவார்கள், நெருக்கடி வரும்போது கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.

அப்புறம், விதிவிலக்கை விதியாக்குவது. பிறகு பெயரெடுத்த குவார்ட்டர்பேக்குகளில் டாம் பிரேடியை 2000இல் 199வதாகத்தான் எடுத்தார்கள், பிராக் பர்டியை 2022இல் 262வதாக, அதாவது கடைசியாக. இன்னொரு குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் வயோமிங் கல்லூரி அணியில் எறிவதில் துல்லியம் குறைவாக இருந்தும் பெரிய ஆளானார். சரி, ஆனால் துல்லியம் இல்லாத ஒவ்வொருவரும் ஆலன் ஆகிவிடுவதில்லை.

கடைசியாக, அணிகளிடம் மருத்துவ அறிக்கையும் நேர்காணலும் இருக்கின்றன, நம்மிடம் இல்லை. உங்கள் பட்டியலில் மேலே இருந்தவர் மூன்றாவது சுற்றுக்குச் சரிந்தால் அணிகளைத் திட்டுவதற்கு முன், கல்லூரியில் எந்தெந்த ஆட்டங்களை அவர் தவறவிட்டார், ஏன் என்று தேடிப் பாருங்கள்.