வால்வு ஆம்ப்ளிபயரை வீட்டில் சீர்செய்ய: முதலில் டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றுங்கள்

மைக் செட் கடைகளின் பரண்களில் இன்னும் சில வால்வு (காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிபயர்கள் கிடக்கின்றன. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கூம்பு ஒலிபெருக்கிகளை முழங்க வைத்த 30 வாட், 50 வாட் பெட்டிகள் அவை. டிரான்சிஸ்டர் வந்த பிறகு பழைய இரும்புக்குப் போனவை போக மிஞ்சியவை. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் யாருக்கும் உடனே பிளக்கைச் சொருகிப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

வால்வு போனால் வேறு வால்வு வாங்கலாம். கண்டென்சரும் ரெசிஸ்டரும் சென்னை ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும். டிரான்ஸ்பார்மர் அப்படியல்ல. பவர் டிரான்ஸ்பார்மரையாவது யாரிடமாவது கொடுத்து மறுபடி சுற்றி வாங்கிவிடலாம். ஸ்பீக்கருக்கு ஒலியைக் கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் பிரைமரியும் (உள்வரும் சுற்று) செகண்டரியும் (வெளிச்செல்லும் சுற்று) அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றப்பட்டிருக்கும். அந்த நேர்த்தியோடு சுற்றித் தருபவரைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அந்த இரண்டு இரும்புத் துண்டுகள்தான் ஆம்ப்ளிபயர் என்பது என் கணக்கு. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அவற்றையும் உங்கள் உயிரையும் காப்பதற்காகவே.

உயிரிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பெட்டிக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையை முதலில் சேசிஸில் (பெட்டியின் உலோகச் சட்டம்) கவ்வவிட்டு, மறுமுனையைக் காப்பிட்ட பிடியால் கண்டென்சரின் பாசிட்டிவ் முனையில் சில நொடிகள் வையுங்கள். பிறகு மீட்டரில் பார்த்து, வோல்ட் இறங்கிவிட்டதை உறுதி செய்த பின்பே கை வைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை எதையும் தொடாமல் இருக்கட்டும். பழைய இரண்டு பின் ஒயரைக் கழற்றிவிட்டு மூன்று கோர் ஒயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில் போல்ட் வைத்து இறுக்குங்கள். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் சிறு கண்டென்சர் சில பெட்டிகளில் இருக்கும். அது ஷார்ட் ஆனால் பெட்டி முழுவதிலும் கரண்ட் பாயும். அதை வெட்டி எறிந்துவிடுங்கள்.

வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எது எந்த சாக்கெட்டில் இருந்தது என்று எழுதி வையுங்கள். கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு போல ஒரு பளபளப்பு தெரியும். அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. கண்ணாடியைத் துடைக்கும்போது எழுத்துகளின் மேல் துணி படக்கூடாது, விரல் பட்டாலே அழிந்துவிடும். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வுகள் இன்றும் சில பெட்டிகளில் நல்ல நிலையில் இருக்கின்றன. தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம்.

இப்போது சீரிஸ் லேம்ப். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஆம்ப்ளிபயரோடு தொடராக இணையுங்கள். எல்.இ.டி. இதற்கு உதவாது. வால்வு ஒன்றும் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் பல்பு ஒரு கணம் மினுங்கி அணைய வேண்டும். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஷார்ட் இருந்தாலும் டிரான்ஸ்பார்மர் கருகாமல் பல்பு தடுத்துக்கொள்ளும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மின்சாரம் இல்லாமல் மீட்டரில் பாருங்கள். பிரைமரியின் நடு முனையிலிருந்து இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு ஓம் காட்டினால் நிம்மதி. கொஞ்சம் வித்தியாசம் இயல்பே. ஒரு பக்கம் ஒன்றுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது.

அடுத்தது கண்டென்சர்கள். இங்கேதான் நிதானம் தேவை. டிரைவர் வால்வின் (முந்தைய கட்ட வால்வு) பிளேட்டையும் (மின்னோட்டத்தை வாங்கும் தகடு) அவுட்புட் வால்வின் கிரிட்டையும் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச் சுருள்) இணைப்பது கப்ளிங் கண்டென்சர். ஒலி மட்டும் கடக்க வேண்டும், டி.சி. கடக்கக் கூடாது. பழைய மெழுகுக் காகிதக் கண்டென்சரில் ஈரம் ஏறி டி.சி. கசியும். கிரிட்டில் சில வோல்ட் பாசிட்டிவாக ஏறினாலே வால்வு கட்டுக்கடங்காமல் மின்னோட்டத்தை இழுத்து, உள்ளே பிளேட் செக்கச் சிவந்துவிடும். அந்த மின்னோட்டம் முழுவதும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் வர வேண்டும். இப்படித்தான் அது கருகுகிறது. கழற்றிய கண்டென்சரை மீட்டரில் வைத்தால் 0.1 மைக்ரோ ஃபாரட் என்று ஒழுங்காகவே காட்டும். நம்பாதீர்கள். மீட்டர் கொடுப்பது ஓரிரு வோல்ட், பெட்டிக்குள் அது தாங்க வேண்டியது 200, 300 வோல்ட். சோதித்துக் கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் 630 வோல்ட் பாலியஸ்டர் கண்டென்சராக மாற்றிவிடுங்கள்.

டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்களையும் புதிதாகப் போடுங்கள். அளவைக் கூட்டினால் ஹம்மிங் குறையும் என்று இஷ்டத்துக்கு ஏற்ற வேண்டாம். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ஜிஇசட்34 ரெக்டிபயர் வால்வுக்கு அடுத்த முதல் கண்டென்சர் 60 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரெக்டிபயர் வால்வின் ஆயுள் குறையும். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் நாளாவட்டத்தில் மதிப்பு ஏறியிருக்கும். இருபது சதவீதத்துக்கு மேல் போனவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

வால்வுகளைப் பொருத்தி மின்சாரம் கொடுக்கும் முன் அவுட்புட்டில் ஸ்பீக்கரோ 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டரோ கட்டாயம் இருக்க வேண்டும். சுமை இல்லாமல் ஓடும் பெட்டியில் சிக்னல் வந்தால் பிரைமரியில் வோல்ட் தாறுமாறாக எகிறி, சுற்றின் காப்பையே துளைத்துவிடும்.

சீரிஸ் பல்போடு தொடங்குங்கள். சந்தேகம் ஏதும் இல்லையென்றால் பல்பை நீக்கிவிட்டு அளக்கலாம். முதலில் வால்வைச் சூடாக்கும் ஹீட்டர், 6.3 வோல்ட். கூடுதலாக இருந்தால் பிரைமரியில் 220 முனையிலிருந்து 240 முனைக்கு மாறுங்கள். அடுத்து எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு. அவுட்புட் வால்வு இஎல்34 என்றால், ஒவ்வொன்றுக்கும் தனியே 470 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் இருந்து, அதன் மேல் 28 வோல்ட் காட்டினால் மின்னோட்டம் 60 மில்லி ஆம்பியர். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 350 வோல்ட் என்றால் 21 வாட். உச்ச வரம்பு 25 வாட், ஆகவே பாதுகாப்பாக இருக்கிறோம். இரண்டு வால்வுகளும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பிளேட் சிவக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் பாட்டுப் போடலாம். வீட்டு ஸ்பீக்கரை 8 ஓம் முனையில் கொடுங்கள். 100 வோல்ட் முனை மைதானத்துக்கு இழுக்கும் நீண்ட ஒயருக்கானது. பெரும்பாலும் பேச்சுக்கும் கூம்புக்கும் செய்த பெட்டி என்பதால் அடிஸ்தாயி குறைவாகவே வரும். அதைக் கூட்ட சர்க்யூட்டை மாற்றாதீர்கள். நாதஸ்வரத்தையோ பழைய பாடகர்களின் குரலையோ அதில் கேளுங்கள், பெட்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பது அங்கே தெரியும்.