ஆர்இ20 மைக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க வானொலி நிலையங்களின் படங்களில், அறிவிப்பாளரின் வாய்க்கு நேரே வெளிர்பழுப்பு நிறத்தில் தடித்த உருளை மாதிரி ஒரு மைக் அடிக்கடி தென்படும். அதுதான் எலெக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனத்தின் ஆர்இ20. 1968-இல் வந்த டைனமிக் மைக் (காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கொண்டு ஒலியைப் பிடிக்கும் வகை), இன்றும் விற்பனையில் இருக்கிறது. நிறுவனம் அதைவிடப் பழசு. இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் தொடங்கியது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னிக்கு ஒலிபெருக்கி செய்துகொடுத்தபோது, அதை அவர் அழைத்த விதத்திலிருந்தே இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

வாங்கியவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது, மைக்கின் உடம்பைப் பிடித்து மூடுவது. பக்கவாட்டில் நீளமாக வெட்டியிருக்கும் துளைகளை அழகுக்கு வைத்தது என்று நினைக்காதீர்கள். சாதாரண கார்டியாய்டு மைக்கில், அதாவது முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும் மைக்கில், வாய் நெருங்க நெருங்க அடித்தொனி வீங்கும். இங்கே தாழ்ந்த ஒலி தொலைவில் உள்ள துளைகள் வழியாகவும், உயர்ந்த ஒலி பக்கத்துத் துளைகள் வழியாகவும் டயஃப்ரமின், அதாவது ஒலிக்கு அதிரும் மெல்லிய படலத்தின், பின்புறத்தை அடைகிறது. அதனால் அந்த வீக்கம் வெகுவாகக் குறைகிறது. இந்த அமைப்புக்கு வேரியபிள்-டி என்று பெயர். ஹெட்போன் மாட்டிக்கொண்டு துளைகளை உள்ளங்கையால் மெதுவாகப் பொத்திப் பாருங்கள். குரலின் நிறம் மாறும், பின்னாலிருந்து வரும் அறைச் சத்தமும் உள்ளே நுழையும். டேப் சுற்றினாலும், இறுக்கமான கிளாம்ப் போட்டாலும் இதே கதிதான்.

அடுத்தது, குரல் கனமாகக் கேட்க வேண்டுமென்று உதட்டை ஒட்டிப் பேசுவது. மற்ற மைக்கில் பலிக்கும் இந்த வித்தை இதில் பெரிதாகப் பலிக்காது. 'ப' போன்ற எழுத்துகளில் காற்று மோதும் வெடிப்போசைதான் மிஞ்சும். நான்கு விரல் இடைவெளி போதும், தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் தொனி கலையாது. செய்தி வாசிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! அதற்காக இரண்டடி தள்ளி உட்காரவும் கூடாது. டைனமிக் மைக் அறையின் எதிரொலியை எடுக்காது என்பது வெறும் நம்பிக்கை. வாய் தள்ளிப்போனால் அறை உள்ளே வந்துவிடும்.

பேச வேண்டியது மைக்கின் முனையைப் பார்த்து. பக்கவாட்டில் பேச வேண்டிய பெரிய கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்து இயக்கும் வகை) பழகியவர்கள், இதிலும் பக்கவாட்டில் பேசிவிட்டு, சத்தம் மங்கல் என்று குறைப்படுவார்கள்.

அப்புறம் கெயின், அதாவது மைக்கின் சிக்னலை எவ்வளவு பெருக்குகிறோம் என்பது. இதன் உணர்திறன் ஒரு பாஸ்கலுக்கு 1.5 மில்லிவோல்ட்தான். சாதாரணப் பேச்சுக்கு 50 முதல் 60 டெசிபல் வரை கெயின் வேண்டியிருக்கும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் மலிவான இன்டர்ஃபேஸில் குமிழைக் கடைசிவரை திருப்பினால் 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். மைக்கைக் குறை சொல்லுமுன், சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பைப் பாருங்கள்.

எடை 737 கிராம். அதிர்வைத் தடுக்கும் ஷாக் மவுன்ட்டும் சேர்ந்தால் இன்னும் கூடும். மைக்கைத் தாங்கும் மேஜைக் கை மெல்லியதாக இருந்தால் பேச்சின் நடுவே மெல்லத் தலை தாழ்ந்துவிடும், எனவே கனமான கை வாங்குங்கள்.

பழைய மைக் வாங்கினால் உள்ளே இருக்கும் ஃபோமைக் கட்டாயம் சோதியுங்கள். வருடங்கள் போனால் அது உதிர்ந்து தூளாகும். மைக்கை வெள்ளைத் தாளின் மேல் மெல்லத் தட்டுங்கள். கருந்துகள்கள் விழுந்தால், ஃபோம் மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.