முதல் கண்காட்சி போடப்போகும் கியூரேட்டருக்கு

கியூரேட்டர் என்றால் கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்திக் காட்டுபவர். அதற்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பார்க்கவும் எழுதவும் டேப் பிடித்து அளக்கவும் தெரியவேண்டும். கலை வரலாற்றில் பட்டம் இருந்தால் நல்லதுதான். ஆனால் கேலரியில் வேலை கேட்டுப் போனால் "இதுவரை என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். எனவே சின்னதாக ஒன்று போடுங்கள். ஓர் அறை, பன்னிரண்டு படைப்புகள், ஒரு கேள்வி போதும்.

'மெட்ராஸ் ஓவிய இயக்கம்' என்பது தலைப்பு, கேள்வி இல்லை. அந்த இயக்கத்தின் முன்னோடி ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்து எழுத்தாக நிறைந்திருக்கும், ஆனால் வாசிக்க வராது. வாசிக்க முடியாத எழுத்தை எதற்கு வரையவேண்டும்? இது கேள்வி. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை இதுவே சொல்லிவிடும்.

அடுத்து, உரிமையாளரிடமிருந்து ஓவியத்தைக் கண்காட்சிக்கு வாங்க எழுதும் இரவல் கடிதம். தேதிகள், வண்டிச் செலவு யாருடையது, காப்பீட்டு மதிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். காப்பீடு, உரிமையாளர் வீட்டுச் சுவரிலிருந்து இறக்குவது முதல் திரும்ப அங்கே மாட்டும் வரை ஓடவேண்டும். ஓவியத்தை வைத்திருப்பவர் வேறு, பதிப்புரிமை உள்ளவர் வேறு. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஓவியர் இறந்து 60 ஆண்டு நீடிக்கும். பணிக்கர் மறைந்தது 1977-இல். கேட்டலாக்கில் அவர் ஓவியத்தை அச்சிட வாரிசுகளின் அனுமதி வேண்டும்.

வண்டியில் ஏற்றும் முன்பே, உரிமையாளர் வீட்டிலேயே கண்டிஷன் ரிப்போர்ட், அதாவது ஓவியம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பை, எழுதிவிடுங்கள். முன்புறம், பின்புறம், நான்கு மூலை எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் உரியத் தொடங்கிய வண்ணம் நிழல் காட்டும். ரிப்போர்ட்டில் நீங்களும் உரிமையாளரும் கையெழுத்துப் போடாவிட்டால் பத்து வருடக் கீறலும் உங்கள் கணக்கில் வந்துவிடும். பபிள் ராப்பை ஓவியப் பரப்பில் நேராகச் சுற்றாதீர்கள். நம் வெயிலில் குமிழித் தடம் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும்.

மாட்டும்போது ஓவியத்தின் நடு, தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். பிரேம் 80 செ.மீ. உயரம், பின்புறம் மாட்டுவதற்குக் கட்டிய கம்பியை நடுவில் விரலால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்புக்கு 8 செ.மீ. கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 + 40 − 8 = 182. ஹூக் அங்கேதான். கம்பியைத் தளர்வாக விட்டு அளந்தால் ஓவியம் இரண்டு மூன்று செ.மீ. இறங்கிவிடும், சுவரில் இரண்டாவது ஓட்டை விழும். புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்குவார்கள்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். காகிதப் படைப்புக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் போதும். லக்ஸ் மீட்டரை ஓவியத்தின் பரப்பருகே வைத்து அளக்கவேண்டும்.

பிரேமின் கீழ்மூலைகளில் பின்பக்கம் தக்கைத் துண்டு ஒட்டுங்கள்; சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவே காற்று போகும். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஏசியை அணைக்கும் கேலரிகள் உண்டு. பகலில் காய்ந்து இரவில் ஈரம் குடித்தால் காகிதம் அலையலையாக நெளியும். காலையில் திறந்ததும் முதலில் காகிதம் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.